கை அலம்பியும் தீராத பயம்

2005 ஜூலை 26ஆம் தேதியை மும்பைவாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவில் வேலை பார்த்த என் மனைவி, மார்பளவு சாக்கடை நீரில் நடந்து செம்பூரில் உள்ள வீட்டை அடைந்தபோது நடுநிசி. "வந்துட்டேன்" என்றதோடு சரி. வழியில் நடந்தது பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கை அலம்புவது கூடிற்று. முதலில் ஐந்து நிமிடம், பிறகு அரை மணி. காய்கறி, பால் பாக்கெட், சில்லறைக் காசு எல்லாமே குழாயடியில். ஊரிலிருந்து வந்த என் அம்மா, "மடி ஜாஸ்தி ஆயிடுத்து" என்று உள்ளூர மகிழ்ந்தாள்! மடிக்கு ஓர் எல்லை உண்டு. இதற்கு இல்லை. தோல் வெடித்து ரத்தம் கசிந்தது.

இதை எண்ணச் சுழற்சி நோய் என்கிறார்கள். வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து பதற வைக்கும். பதற்றத்தை அடக்க அலம்புவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது என்று ஏதாவது செய்வார்கள். சற்று நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே அடுத்த முறையும் அதைச் செய்யத் தூண்டும்.

"வெள்ளம்தான் காரணமா?" என்று மனநல மருத்துவரிடம் கேட்டேன். அது மட்டுமல்ல என்றார். அந்த நீரில் நடந்த எல்லோருக்குமா வந்தது? பரம்பரை வாகுக்கும் பங்குண்டு. (என் மாமியார் இரவில் நாலு தரம் எழுந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார், நாங்கள் சிரித்திருக்கிறோம்.) அப்படிப்பட்ட வாகு உள்ளவருக்கு ஓர் அதிர்ச்சி நோயைத் தொடங்கி வைக்கலாம், இருப்பதை முற்றச் செய்யலாம், பயத்துக்கு உருவமும் கொடுக்கலாம். ஆகவே பழைய சம்பவத்தையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பல வாரம் கழித்துத்தான் சொன்னாள். அன்றிரவு முன்பின் தெரியாத ஒரு பெண் இவள் வலக்கையைப் பற்றியபடி வந்தாளாம். நீரின் வேகத்தில் பிடி நழுவிவிட்டது. அவள் என்ன ஆனாள் என்று தெரியாது. வலக்கையை மட்டும் ஏன் அத்தனை தேய்த்தாள் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நானே குழாயைத் திறந்துவிட்டேன். ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே சட்டையைக் கழற்றினேன். "சுத்தமா இருக்கா, சொல்லுங்கோ" என்று கேட்டபோதெல்லாம் "சத்தியமா" என்றேன். அன்பென்று நினைத்து நோய்க்குத் தீனி போட்டிருக்கிறேன். மருத்துவர் எங்கள் இருவரிடமும் பேசி, அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வைத்தார்.

சிகிச்சையின் முக்கியப் பகுதி, செருப்பைத் தொட்டுவிட்டு அலம்பாமல் உட்கார்ந்திருப்பது. பதற்றம் ஏறும், பிறகு தானாகவே இறங்கும். லண்டனில் விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. கூடவே மாத்திரை. அது முழுப் பலன் தர 8 முதல் 12 வாரம் ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

வெளியூரில் நமக்கு மொழியும் ஒரு தடை. மனக்கஷ்டத்தை இந்தியில் சொல்ல முடிகிறதா? 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

மழைக்காலத்தில் இன்றும் அவளுக்குச் சற்றுக் கூடுகிறது. நான் குழாய்ப் பக்கம் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.