கடைசியாகச் சேகரித்த ஆண்டு செடியின் இறப்புச் சான்றிதழா?

“கடைசி மாதிரி எடுத்து எண்பது வருஷம் ஆச்சு. அந்தச் செடி அழிஞ்சே போச்சு.” இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்பவர்கள் தாவரவியல் படித்தவர்கள் என்பதுதான் எரிச்சல். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியத்தின் பதிவைத் திறக்க வேண்டியது, ஆண்டைப் பார்க்க வேண்டியது, உடனே ஒப்பாரி வைக்க வேண்டியது.

நோலானாவைப் பாருங்கள். கத்தரி, தக்காளிக் குடும்பம்தான். ஏறக்குறைய 90 இனங்கள், பெரும்பாலும் பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பாலைவனத்தில். அங்கே பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் மழையே கிடையாது. கடலிலிருந்து ஏறிவரும் மூடுபனிதான் குன்றுச் சரிவுகளை நனைக்கிறது. எல் நினோ ஆண்டில் மழை கொட்டினால் சரிவுகளில் ஊதாநீலப் பூக்கள் விரியும். இல்லையென்றால் ஓராண்டுச் செடிகள் விதையாகவே மண்ணில் கிடக்கும். நோலானாவின் காய் முற்றியதும் கல்போன்ற சிறு கொட்டைகளாகப் பிரிந்துவிடும். கொட்டையிலுள்ள சிறு அடைப்பு திறந்தால்தான் உள்ளிருக்கும் விதை முளைவிட முடியும்.

வறண்ட ஆண்டில் அங்கே போய் யார் சேகரிப்பார்? தாவரவியலாளர் பிலிப்பி சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்குப் போனது 1853-54இல். இன்னொரு தாவரவியலாளர் இவான் ஜான்ஸ்டன் அதே நாட்டின் தால்தால் பகுதியில் சேகரித்தது 1925இல். ஆள் போன ஆண்டும் வண்டி போன வழியும்தான் பதிவில் தெரிகின்றன. நடுவில் இருக்கும் வெற்றிடம் சேகரிப்பாளர் போகாத காலம். செடி செத்த காலம் அல்ல. லிமாவைச் சுற்றிய குன்றுகளில் குடியிருப்புகள் ஏறிவருவது உண்மையான ஆபத்து. ஆனால் அங்கே ஓர் இனம் போய்விட்டதா என்பதை ஈரமான பருவத்தில் குன்றேறிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், கணினித் திரையைப் பார்த்து அல்ல.

பதிவுகள் அதிகமென்றால் செடியும் அதிகம் என்பது இன்னொரு கதை. ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே சேகரிப்பு எண்ணில் எடுத்த செடியைப் பல தாள்களில் ஒட்டி லிமா, சிகாகோ என்று அனுப்புவார்கள். தரவுத்தளத்தில் அவை தனித்தனிப் பதிவுகள். வரைபடப் புள்ளிகளையும் அப்படியே நம்பாதீர்கள். பழைய சீட்டுகளில் ஊர்ப்பெயர் மட்டுமே இருக்கும். ஆயத்தொலைவு பிற்பாடு யாரோ சேர்த்தது. பசிபிக் கடலுக்குள் விழுந்த புள்ளிகளும் உண்டு.

“எல்லாம் படமெடுத்தாயிற்றே, தாள்கள் எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. 1943இல் பெர்லின் ஹெர்பேரியத்தின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்தது. 1929 முதல் தாவரவியலாளர் மேக்பிரைட் அங்கே எடுத்துவைத்த புகைப்படங்களால், இனங்களுக்குப் பெயரிட அடிப்படையான பல மூலமாதிரிகளின் தோற்றமாவது மிஞ்சியது. தோற்றம் மட்டும்தான்! தாளின் மூலையில் ஒட்டிய காகித உறையைப் பிரித்து, கொட்டைகளைக் கையில் கொட்டிப் பார்க்கப் படத்தால் முடியுமா? டிஎன்ஏ எடுக்க முடியுமா? இவ்வளவும் தெரிந்த பிறகும், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தன் ஹெர்பேரியத்தை மூடப்போவதாக 2024இல் டியூக் பல்கலைக்கழகம் அறிவித்தது.

சேகரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சீட்டில் இடம், தேதியோடு நிறுத்தாதீர்கள். அந்த ஆண்டு மழை எப்படி, மண்ணில் ஈரம் இருந்ததா என்றும் எழுதுங்கள். தேடியும் கிடைக்காத இனங்களின் பெயரைக் களக்குறிப்பேட்டில் தேதிபோட்டுக் குறித்து, அதையும் ஹெர்பேரியத்தில் ஒப்படையுங்கள்.