சொட்டு விட்டு இழுக்க எந்த மோட் வாங்குவது?

டேங்க் இல்லாமல், காயிலின் மீதும் பஞ்சின் மீதும் நேரடியாகச் சில சொட்டுத் திரவம் விட்டு, மூன்று நான்கு முறை இழுத்த பிறகு மறுபடியும் சொட்டு விடுவதுதான் ட்ரிப்பிங். சுவை தெளிவாகத் தெரியும், ஆவி அடர்த்தியாக வரும். அதற்கேற்ற அளவு கைவேலையும் உண்டு. பிரிட்டனில் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறியவர்களில் சிலர் டேங்க் அலுத்துப்போய் இந்த வழிக்கு வருகிறார்கள். இது அவர்களுக்காக எழுதியது. சிகரெட் பிடிக்காதவர்கள் வேப்பைத் தொடவே வேண்டாம் என்றுதான் அந்நாட்டின் தேசிய மருத்துவச் சேவை சொல்கிறது. என் கருத்தும் அதுவே.

கடைக்குப் போனால் கண் முதலில் ஆர்டிஏ மீது போகும். சொட்டு விடும் அந்தச் சின்ன உலோகக் குப்பியைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் மோட் எந்த வகை என்பதை.

மோட் இரண்டு வகை. ஒன்றில் மின்சுற்றுப் பலகை இருக்கும். காயிலின் ஓம் அளவைப் பார்த்து, நீங்கள் வைத்த வாட் அளவுக்கு மேல் போகாமல் காக்கும், ஷார்ட் ஆனால் நின்றுவிடும். இன்னொன்று மெக் மோட். ஒரு குழாய், ஒரு பேட்டரி, ஒரு பொத்தான், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் தடையின்றிக் காயிலுக்குப் போகும். முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.2 ஓம் என்றால் 4.2-ஐ 0.2-ஆல் வகுங்கள்: 21 ஆம்பியர். காயில் 0.1 ஓம் ஆனால் 42. பலரும் வைத்திருக்கும் சாம்சங் 25ஆர் பேட்டரி தொடர்ந்து தாங்கும் அளவு 20 ஆம்பியர்தான். 0.2 ஓமிலேயே எல்லை தாண்டிவிட்டது, அதைச் சொல்லித் தடுக்கக் கருவிக்குள் எதுவும் இல்லை. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 24 வயது இளைஞர் ஒருவர், வேப் கருவி வெடித்துத் தெறித்த உலோகத் துண்டு கழுத்து இரத்தக் குழாயைக் கிழித்ததால் இறந்துபோனார். அது மெக் மோட் வகைக் கருவி என்று செய்திகள் வந்தன. ட்ரிப்பிங் செய்பவர்களிடையே மெக் மோடுக்குத் தனி மரியாதை உண்டு என்பது தெரியும். ஆனாலும் புதிதாக வருபவர் அதை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடுத்தது வாட் கணக்கு. ஒற்றைக் காயிலுக்கு 40 முதல் 55 வாட் போதும். இரட்டைக் காயிலுக்கு 60 முதல் 90 வரை தேவைப்படலாம். பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. மின்சுற்று உள்ள மோடில் பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது ஓம் அல்ல, வாட். பேட்டரி இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போதும் நீங்கள் கேட்ட 80 வாட்டை மோட் கொடுத்தாக வேண்டும். 80-ஐ 3.2-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர். மின்சுற்றில் வீணாவதையும் சேர்த்தால் 28-ஐத் தொடும். 18650 என்ற அளவுள்ள ஒற்றைப் பேட்டரிக்கு இது அதிகம். இரட்டைப் பேட்டரி மோடில் ஆளுக்குப் பாதி, 14 ஆம்பியர், நிம்மதியாக ஓடும். ஆகவே இரட்டைக் காயில் ஆசை இருந்தால், கையில் கொஞ்சம் கனமாக இருந்தாலும் இரட்டைப் பேட்டரி மோடையே எடுங்கள்.

பேட்டரியைக் கையில் வாங்கி உற்றுப் பாருங்கள். நேர்முனையின் மேல்தட்டைச் சுற்றி மெல்லிய காப்பு வளையம் ஒன்று இருக்கும். அதைத் தாண்டி, விளிம்பு முதல் அடிவரை உள்ள உலோக உடல் முழுதும் எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைப்பது அந்த வளையமும் மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. விளிம்பில் உறை நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் புது உறை போடும்வரை அந்தப் பேட்டரியைப் பயன்படுத்தக் கூடாது. சாவியும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் வெறும் பேட்டரியைப் போடாதீர்கள். பிளாஸ்டிக் பெட்டி மலிவு. இரட்டைப் பேட்டரி என்றால் ஒரே நேரத்தில் வாங்கிய ஜோடியைக் கடைசிவரை ஜோடியாகவே சார்ஜ் செய்யுங்கள்.

மோடில் வேறு என்ன பார்ப்பது? மேல்தட்டு 24 மி.மீ. ஆர்டிஏ வெளியே துருத்தாமல் உட்காரும் அகலம் இருக்க வேண்டும். ஆர்டிஏவைத் திருகி மாட்டும் 510 இணைப்பின் நடு ஊசி ஸ்பிரிங்கில் அமுங்கி எழ வேண்டும். சொட்டு முறையில் திரவம் அங்கே வழிந்து தேங்கும், அடிக்கடி துடைக்க வேண்டிவரும் என்பதால் இணைப்பைச் சுற்றிப் பள்ளம் இல்லாத வடிவம் நல்லது. வெப்பக் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சு உலர்ந்தது தெரியாமல் இழுத்தால் தொண்டை எரிவதோடு ஃபார்மால்டிஹைட் போன்ற நச்சுப் பொருளும் உருவாகும். வெப்பக் கட்டுப்பாடு அந்த நேரத்தில் சூட்டைக் குறைத்துவிடும். ஆனால் அது துருப்பிடிக்காத எஃகு, நிக்கல், டைட்டானியம் கம்பிகளில்தான் வேலை செய்யும், காந்தல் (Kanthal) கம்பியில் செய்யாது. எஸ்எஸ்316எல் கம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டிஏவில் தொடக்கத்துக்கு ஒற்றைக் காயில், ஆழமான திரவத் தொட்டி, மேலிருந்து காற்று வரும் அமைப்பு போதும். பக்கவாட்டுத் துளை கொண்டவை சுவையில் முந்தலாம், ஆனால் ஒரு சொட்டு கூடினாலும் ஒழுகும். சொட்டு விட்டுக்கொண்டே இருப்பது தொல்லை என்றால் ஸ்குவாங்க் மோட் உண்டு. உள்ளே இருக்கும் மென்குப்பியை அமுக்கினால் திரவம் அடியிலிருந்து ஏறும். அதற்குத் துளையுள்ள 510 ஊசி கொண்ட ஆர்டிஏ வேண்டும்.

டேங்கில் போட்ட நிக்கோட்டின் அளவை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். ஆவி அதிகம் என்பதால் நிக்கோட்டினும் அதிகம் உள்ளே போகும். மி.லி.க்கு 3 மி.கி. போதும். பிரிட்டனில் நிக்கோட்டின் கலந்த குப்பி 10 மி.லி.க்கு மேல் விற்கக் கூடாது. அதனால் நிக்கோட்டின் இல்லாத 50 மி.லி. திரவத்தில் 18 மி.கி. வலுவுள்ள 10 மி.லி. குப்பி ஒன்றைக் கலப்பார்கள். கணக்கு சரியாக 3-க்கு வரும்.

காயில் மாட்டியதும், பஞ்சு வைக்கும் முன், 15 வாட்டில் விட்டுவிட்டு அழுத்திப் பாருங்கள். செந்நிறம் நடுவில் தொடங்கி இரு பக்கமும் சீராகப் பரவ வேண்டும். ஓரத்தில் மட்டும் ஒரு சுற்று முதலில் சிவந்தால், பொத்தானை விட்டுவிட்டு பீங்கான் முனை சாமணத்தால் காயிலை மெல்ல நெருக்குங்கள். திரையில் ஓம் அளவு ஏறி இறங்கினால் திருகு தளர்ந்திருக்கிறது.

விடுமுறைக்குச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் இதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019 முதல் இறக்குமதியும் விற்பனையும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். அனுமதி உள்ள நாட்டுக்குப் போனாலும் கருவியும் உபரிப் பேட்டரிகளும் விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.