மூக்கைத் தூக்கும் முன்

தம்பி, தஞ்சாவூர்த் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்ததிலிருந்து நீ வானத்தையே பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ கற்கப் போவது பயணிகள் விமானம். அது வேறு பொறுமை.

1. "ரொட்டேட்" என்று, எழும்புவதற்காக மூக்கைத் தூக்கச் சொன்னதும் வெடுக்கென்று இழுக்காதே. நொடிக்கு 2, 3 டிகிரி போதும். போயிங் 737-800 சக்கரம் தரையில் இருக்கும்போதே சுமார் 11 டிகிரிக்கு நிமிர்ந்தால் வால் உரசும். எனக்குக் கற்றுத்தந்தவர் பெரிய கோபக்காரர். ஆனால் கண்ட்ரோலில் கை வைத்தால் அந்தக் கோபம் எங்கே போகுமோ, தெரியாது.

2. இறங்கும்போது பாதை 3 டிகிரி கீழ்நோக்கிச் சரியும். மூக்கோ சற்று மேலே பார்த்தபடியே இருக்கும். வேகம் குறையக் குறைய, இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் சந்தித்தால்தான் எடை தாங்கும். மனசு ஒப்பாது, பழகிக்கொள்.

3. தரை நெருங்கியதும் கண்ணை ஓடுபாதையின் கடைசிக்கு அனுப்பு. ஏர் ஓட்டுகிறவர் எதிர் வரப்பைப் பார்த்துத்தானே சால் பிடிப்பார்? காலடியைப் பார்த்தால் பயம் கையை இழுத்துவிடும். மூக்கு எழும், விமானம் மிதக்கும், பாதை வீணாகும். ஐப்பசி மழையில் தரை மினுங்கும்போது கண் இன்னும் ஏமாறும். மெத்தென்று இறக்கிப் பேர் வாங்க ஆசைப்படாதே.

4. துள்ளினால் மூக்கை அமுக்காதே. சரிவராது என்று பட்டால் மறுபடி மேலேறிச் சுற்றி வா. அதில் மானம் போகாது.

5. 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய 737-800 தாமதமாக எழும்பி, ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்தது. உள்ளே 136 பேர். விமானியின் இருக்கை முதுகு சாய்ந்ததில், அறியாமல் த்ரஸ்ட், அதாவது எஞ்சினின் உந்துவிசை, குறைந்துவிட்டது என்றது விசாரணை. கருவிகள் சரியாகத் தெரிந்ததால் பறந்துகொண்டே போனார்கள். சில மணி நேரம் கழித்து மும்பையில் பத்திரமாக இறங்கினார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் மூக்கைத் தூக்கினால் மட்டும் விமானம் ஏறாது, பின்னாலிருந்து தள்ளும் விசையும் வேண்டும். அதையும் பார்.

6. வால் உரசியதோ என்று சந்தேகம் வந்தால் உடனே சொல். ஜப்பானில் 1978-ல் ஒசாகாவில் உரசிய ஜம்போ விமானத்தைத் தப்பாகப் பழுதுபார்த்தார்கள். 1985 ஆகஸ்ட் 12-ல் அதே இடம் பிளந்து 520 பேர் மாண்டார்கள். சொல்லாமல் விட்ட உரசலை யாரும் பழுதுகூடப் பார்க்கமாட்டார்கள்.

நீ ஓட்டப்போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் வால் உரசும் கோணத்தைக் குறித்துவை. பொங்கலுக்கு வரும்போது கேட்பேன்.