பழைய மேய்ச்சல் தரைகளில் மெழுகுக் காளான்களை அறிந்து பதிவு செய்யும் முறை

மேய்ச்சல் நிலத்தின் மதிப்பைப் புல்லின் விளைவு ஒன்றைக் கொண்டே கணக்கிடுவது குடியானவர்களின் வழக்கம். அவ்வளவுகோல் எப்பொழுதும் போதியதாகாது என்பதற்குப் பிரிட்டனின் ஆட்டு மேய்ச்சல் தரைகள் தக்க திருஷ்டாந்தமாகும். அங்கே நெடுங்காலம் உழப்படாமலும் ரசாயன உரம் இடப்படாமலும் இருந்துவரும் தரைகளில், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையில், சிவப்பு, மஞ்சள், பச்சை, வெண்மை முதலான நிறங்களையுடைய காளான்கள் புல்லினிடையே தோன்றுகின்றன. இவற்றின் குடைக்கு அடியிலுள்ள இதழ்கள் மெழுகினாற் செய்தவை போலிருப்பதால், இவை மெழுகுக் காளான்கள் எனப்படும்.

இக்காளான்கள் வளங்குன்றிய மண்ணையே விரும்புவன. தழைச்சத்து, மணிச்சத்து உரங்களை இட்டால் இவை குன்றிப்போம். நிலத்தை உழுதாலோ, மண்ணினுள் பரவியிருக்கும் இவற்றின் நுண்ணிழைகள் அறுந்துபோம். பின்னர் இவை மீண்டும் தோன்றப் பல பத்தாண்டுகள் செல்லும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 1930-ஐ அடுத்த ஆண்டுகளுக்கும் 1984-க்கும் இடையில், தாழ்நிலங்களிலிருந்த இயற்கைப் புல்தரைகளில் நூற்றுக்கு 97 பங்கு ஒழிந்தது. எஞ்சியவை சிறு துண்டுகளே. தேவாலயங்களைச் சூழ்ந்த கல்லறைத் தரைகளிலும் பழைய மாளிகைகளின் புற்றரைகளிலும்கூட இவற்றைக் காணலாம்.

ஆண்டில் பெரும்பகுதியும் இக்காளான்கள் கண்ணுக்குப் புலப்படா. ஆகையால் நிலத்தை விருத்தி செய்யக் கருதும் உடையவரும், நல்லெண்ணத்துடன் மரக்கன்று நடும் ஊர்ச் சபையாரும், தாம் அழிப்பது இன்னதென்று அறியாமலே அழித்துவிடக்கூடும். இதைத் தடுக்கும் வழி, முன்கூட்டியே பதிவு செய்து வைப்பதாகும்.

அடையாளம் காணுதல்: குடையின் நிறமும் வடிவமும், குடையும் காம்பும் வழுவழுப்பானவையா உலர்ந்தவையா என்பதும், இதழ்கள் காம்பின்மேல் இறங்கிப் படர்கின்றனவா என்பதும், மணமும் வரிசையாகக் கவனிக்கப்பட வேண்டும். சில இனங்கள் பின்வருமாறு:

1. கறுக்கும் மெழுகுக் காளான்: கூம்பிய செந்நிற அல்லது மஞ்சட் குடையுடையது. கையாண்டாலும் முதிர்ந்தாலும் கறுத்துவிடும்.

2. கிளி மெழுகுக் காளான்: பச்சை நிறமும் மிகுந்த வழுவழுப்பும் உடையது. பின்னர் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினும், காம்பின் உச்சியில் பெரும்பாலும் பச்சை எஞ்சும்.

3. இளஞ்சிவப்பு மெழுகுக் காளான்: கூரிய குடை முதிர்ந்தபின் ஓரங்கள் கிழிந்து, நாட்டியமாடுபவளின் பாவாடைபோல் விரியும்.

4. வெண்பனி மெழுகுக் காளான்: இதழ்கள் காம்பின்மேல் இறங்கிப் படரும். ஓரளவு உரமிட்ட தரையிலும் முளைக்குமாதலால், இஃதொன்று மட்டும் பழந்தரைக்குச் சான்றாகாது.

சில இனங்களைப் பூதக்கண்ணாடிக் கருவியால் விதைத்துகள்களைச் சோதித்தே பிரித்தறிய இயலும். ஐயமுற்றதை ஐயமென்றே குறிப்பது முறை. பார்வையை மட்டும் நம்பி எந்தக் காளானையும் உண்ணலாகாது.

பதிவு செய்தல்: இடத்தின் பெயர், நிலப்படத்தில் அதன் இருப்பு, தேதி, காளானின் இனம், ஏறக்குறைய எத்தனை என்பது, புல்லின் உயரம், மேயும் கால்நடை, பார்த்தவர் பெயர் ஆகியவை எழுதப்படல் வேண்டும். சோதனைக்கு ஓரிரண்டை மட்டும் எடுத்து, ஏனையவற்றை விட்டுவிடுதல் நலம். ஒரே முறை பார்த்து முடிவுகட்டலாகாது. மழைக்குத் தக்கபடி இவை ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும்.

மதிப்பிடுதல்: 1985-இல் டென்மார்க்கு தேசத்து ரால்ட் என்பவர் எளிய அளவையொன்றை வகுத்தார். பல முறை பார்த்ததில் 17 இனங்களோ அதற்கு மேலோ காணப்படின் அத்தரை தேச முக்கியத்துவம் உடையது. 9 முதல் 16 வரை மாகாண அளவிலும், 4 முதல் 8 வரை உள்ளூர் அளவிலும் முக்கியமானது.

பராமரித்தல்: தரையைத் தரிசாக விட்டுவிடுவதும் தவறு. மேய்ச்சல் நின்றால் புல் ஓங்கிக் காளான்களை மூடிவிடும். இலையுதிர் காலத்துக்குள் புல் குட்டையாக இருக்கும்படி ஆடுகளை அளவாக மேய்த்து, உரத்தை விலக்கினால் போதும். இதற்குப் பெருஞ்செலவு யாதுமில்லை.

பயனற்றதெனத் தோன்றும் பழைய நிலத்தை மாற்றுமுன், அதில் உள்ளதைப் பருவமறிந்து பார்த்து எழுதி வைப்பது எந்நாட்டு நிலவுடையாருக்கும் ஊர் அதிகாரிகளுக்கும் உரிய கடமையாகும். ஒரு நாளில் உழுததைப் பல தலைமுறையானாலும் திரும்பப் பெறுதல் அரிது.