கார்புரேட்டர் திருகாணியைத் தொடும் முன்



ஸ்கூட்டர் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தாலும், சிக்னலில் நின்றதும் அணைந்துபோனாலும், மைலேஜ் குறைந்தாலும், பல பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவர் முதலில் போய் நிற்கும் இடம் கார்புரேட்டரின் பக்கவாட்டிலுள்ள சிறிய கலவைத் திருகாணிதான். ஆனால் காற்றும் பெட்ரோலும் சேரும் கலவையில் ஏற்படும் கோளாறுகள் பெரும்பாலும் அந்தத் திருகாணியால் உண்டாவதில்லை. ஆகவே அதைத் திருப்புவதால் அவை தீர்வதும் இல்லை. கலவை எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது, ஆக்சிலரேட்டரின் எந்த நிலையில் பிசகுகிறது என்னும் இரண்டையும் தெளிந்த பிறகே கருவியைக் கையில் எடுப்பது இத்தொழிலின் முதல் ஒழுங்கு.

ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. காற்று இதற்குக் குறைந்து பெட்ரோல் மிகுந்தால் கலவை 'ரிச்' என்றும், காற்று மிகுந்தால் 'லீன்' என்றும் சொல்லப்படும். எல்லா நேரத்துக்கும் பொருந்தும் ஒரே விகிதம் என்று எதுவும் இல்லை. முழு இழுவிசை வேண்டும்போது எஞ்சின் 12.5 முதல் 13 வரையிலான சற்றே ரிச்சான கலவையைக் கேட்கும். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாகாமல் உட்சுவரில் படிந்துவிடுவதால், அதைக் கிளப்புவதற்கு இன்னும் ரிச்சான கலவை வேண்டும். சோக் என்னும் அமைப்பு அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

2020க்கு முந்தைய ஹோண்டா ஆக்டிவா, டிவிஎஸ் ஜூபிடர் போன்ற 110 சிசி ஸ்கூட்டர்களின் கார்புரேட்டரை எடுத்துக்கொண்டால், அதன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை அடைப்பதைப் போல, மிதவையொன்று எழுந்து ஊசி வால்வை அடைத்து அந்த மட்டத்தைக் காக்கிறது. கிண்ணத்திலிருந்து பெட்ரோலை அளந்து விடுபவை ஜெட் எனப்படும் துளையிட்ட சிறு பித்தளைத் துண்டுகள். வண்டி நின்றபடி ஓடும் ஐடிலிங் நிலையிலிருந்து ஏறத்தாழ கால் பங்கு ஆக்சிலரேட்டர் வரை ஸ்லோ ஜெட்டும் கலவைத் திருகாணியும், அதற்குமேல் முக்கால் பங்கு வரை கூர்நுனி ஊசியும், முழுதாகத் திருகும்போது மெயின் ஜெட்டும் கலவையைத் தீர்மானிக்கின்றன. முழு வேகத்தில் மட்டும் திணறும் வண்டிக்குக் கலவைத் திருகாணியால் எந்தப் பயனும் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும். இவ்வகைக் கார்புரேட்டரில் அந்தக் கூர்நுனி ஊசியைத் தூக்குவது கேபிள் அன்று. உள்ளே உண்டாகும் வெற்றிடமே மெல்லிய ரப்பர் டயாஃப்ரம் ஒன்றின் வழியாக அதைத் தூக்குகிறது. அந்த ரப்பரில் சிறு கிழிசல் விழுந்தாலும் வண்டி ஐடிலிங்கில் குறையின்றி நிற்கும், ஆனால் ஆக்சிலரேட்டரைத் திருகினால் பிக்கப் எடுக்காது.

கலவை எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும். ரிச் ஆனால் புகையில் கருமையும் பெட்ரோல் நெடியும் தெரியும், மைலேஜ் விழும், காலையில் நன்றாக ஓடிய வண்டி சூடேறியபின் இழுக்க மறுக்கும். லீன் ஆனால் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும், ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் 'பட்பட்' என வெடியோசை கேட்கும், ஏறிய ரேஸ் உடனே இறங்காமல் தொங்கும். ஐயம் இருந்தால் காசில்லாத சோதனை ஒன்று உண்டு: சூடேறிய எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது கைச்சோக்கை மெல்ல இழுத்தால், ஓட்டம் சீரானால் கலவை லீன், மேலும் தடுமாறினால் ரிச்.

ஸ்பார்க் பிளக்கின் நிறமும் நல்ல சாட்சிதான், ஆனால் அதை முறையாக விசாரிக்க வேண்டும். நெடுநேரம் ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக் இயல்பாகவே கறுத்திருக்கும்; ஆகவே வண்டியைச் சாலையில் சுமையோடு சிறிது தூரம் ஓட்டி, வேகத்திலேயே அணைத்து, ஆறியபின் கழற்றிப் பார்ப்பதே பொருள் தரும். மையப் பீங்கான் இளம்பழுப்பாக இருந்தால் கலவை நலம், வெளுத்திருந்தால் லீன், விரலில் ஒட்டும் உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச். கரி உலராமல் பிசுபிசுத்து மின்னினால் அது ஆயில், பெட்ரோல் அன்று. பழுது பிஸ்டன் ரிங்கிலோ வால்வு சீலிலோ இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் காணத் தவறி, குற்றமற்ற கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவது வேதனையான வீண்வேலை.

லீன் கோளாறுக்கு முதற்காரணம் அடைபட்ட ஸ்லோ ஜெட். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய அத்துளையில் பிசின் போன்ற படிவை விட்டுச்செல்லும். கிண்ணத்தின் வடிகால் திருகைத் தளர்த்தி, நெருப்பும் மின்பொறியும் இல்லாத திறந்த இடத்தில், உள்ளிருப்பதைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால், நீர் புகுந்திருக்குமாயின் அது அடியில் தனிப்படலமாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் இது இப்போது அடிக்கடி காணக்கூடியதே. ஜெட்டைக் கார்புரேட்டர் கிளீனராலும் காற்றழுத்தத்தாலும் மட்டுமே தூய்மை செய்ய வேண்டும். எஃகுக் கம்பியை நுழைத்தால் மென்மையான பித்தளைத் துளை அகன்று, அந்த ஜெட் நிரந்தரமாக ரிச்சாகிவிடும். இரண்டாவது காரணம் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பில் விழும் வெடிப்பு. ஐடிலிங்கில் ரேஸ் தானாக ஏறி இறங்கினால் முதலில் அதையே பார்க்க வேண்டும். மூன்றாவதாக, சில கிலோமீட்டர் ஓடியதும் அணைந்து, பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தவுடன் உயிர்பெறும் வண்டியில் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது.

ரிச் கோளாறில் ஏர் ஃபில்டரே முதற்சந்தேகத்துக்கு உரியது. ஸ்பாஞ்ச் வகையைக் கழுவி எண்ணெயிட்டுப் பிழியலாம். எண்ணெய் தோய்த்த காகித வகையைக் கழுவவோ ஊதவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்து, தூசி சிக்கி மூடாமல் நிற்கும் மிதவை ஊசி, முழுதாகத் திரும்பாத சோக், வெற்றிடத்தால் திறக்கும் பெட்ரோல் டேப்பில் கிழிந்த டயாஃப்ரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

வண்டியில் பழுதே இல்லாமல் கலவை மாறுவதும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய வண்டி, கடல்மட்டத்துக்குமேல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏறியதும் மந்தமாவதற்கு அங்குக் காற்றின் அடர்த்தி குறைவதே காரணம். கார்புரேட்டர் விடும் பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாததால் கலவை ரிச்சாகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு நேர்மாறானது: அதன் முழு எரிப்புக்கு வேண்டிய காற்று விகிதம் ஏறத்தாழ 13.5 மட்டுமே என்பதால், வெறும் பெட்ரோலுக்கென அளவிட்ட பழைய ஜெட் சற்று லீனான கலவையையே தரும்.

இத்தனையும் பார்த்த பிறகே கலவைத் திருகாணியின் முறை வருகிறது. அது எஞ்சின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, முறுக்கினால் லீன் ஆகும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது, முறுக்கினால் ரிச் ஆகும். முதலில் அது எத்தனை சுற்றில் மூடுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, கூர்நுனி நசுங்காதபடி விரல் பலத்தால் மட்டும் மூடி, வண்டியின் கையேடு சொல்லும் சுற்றுக்குத் திறக்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறியபின் கால் சுற்றுக்கும் குறைவாக இருபுறமும் நகர்த்தி, ரேஸ் உச்சத்தில் நிலைக்கும் இடத்தில் நிறுத்தி, அதன்பின் ஐடிலிங் திருகால் வேகத்தைக் குறைப்பதே முறை.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்தபின் புதிய ஸ்கூட்டர்களில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்லும் செய்தியைக் கேட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டகம் அளவைத் திருத்திக்கொள்கிறது. அங்கே திருப்புவதற்குத் திருகாணியே இல்லை, ஆனால் காரணத்தைத் தேடும் வேலை குறைந்துவிடவில்லை. சென்சாருக்கு முன்னால் சைலன்சர் இணைப்பின் கேஸ்கட் கசிந்து வெளிக்காற்று உள்ளே புகுந்தால், சென்சார் அதை லீன் கலவை என்று நம்பும், கட்டுப்பாட்டகம் தேவையின்றிப் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். அந்த வண்டிக்கு மாற்ற வேண்டியது விலையுயர்ந்த இன்ஜெக்டர் அன்று, கேஸ்கட் ஒன்றுதான்.