எழுத்து உன் கையில் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

வலைப்பூ தொடங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது அழகான வார்ப்புருவைத்தான். அதைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: எழுதியது யார் வீட்டில் இருக்கப்போகிறது? ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-இல். அங்கே எழுதியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை; இடம் அடுத்தவருடையது, அவ்வளவுதான். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களோ, ஒருங்குறி பரவுவதற்கு முன் டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் இருந்தவை, பின்னர் ஒருங்குறிக்கு மாறி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. வெறும் உரையாக இருந்ததால்தான் அந்த மாற்றம் எளிதில் கைகூடியது. உன் பதிவுகளும் உன் கணினியில் சாதாரண உரைக்கோப்புகளாக இருக்கவேண்டும், அவற்றைப் பக்கமாக்கும் கருவியை நினைத்தபோது மாற்ற முடியவேண்டும் என்பதே என் கட்சி.

நிலைத்தள உருவாக்கி இதற்குத் தோதான கருவி. வேர்ட்பிரஸ் போன்றவை, வாசகர் கேட்ட பிறகு தரவுத்தளத்தைத் துழாவிப் பக்கத்தை ஆக்கித் தரும். கேட்டதும் வார்க்கிற தோசை மாதிரி. நிலைத்தள உருவாக்கிகளோ, 2008-இல் வந்த ஜெக்கிலும் 2013-இல் வந்த ஹ்யூகோவும், முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைப்பதுபோல எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே செய்து வைத்துவிடும். (புது யோசனை என்று நினைத்துவிடாதே, 2001-இல் வந்த மூவபிள் டைப் என்ற வலைப்பூ மென்பொருளே இப்படித்தான் இயங்கியது.) ஹ்யூகோவில் நீ எழுதுவது மார்க்டவுன் கோப்பு. அதன் தலைப்பகுதியில் தலைப்பு, தேதி, வரைவா இல்லையா என்று சில வரிகள் வரும். பலர் தடுக்கி விழுவது அந்தத் தேதியில்தான். காலை 9 மணிக்கு எழுதி, +05:30 என்ற நேர வேறுபாட்டைக் குறிக்காமல் 09:00 என்று மட்டும் போட்டால், தள அமைப்பிலும் நேர வலயம் சொல்லாதிருந்தால், ஹ்யூகோ அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.30 வரை அது எதிர்காலப் பதிவு, தளத்தில் தலைகாட்டாது.

வார்ப்புருவை மாற்றும்போது அதன் கோப்புறைக்குள் கைவைக்காதே. திருத்தவேண்டிய ஒரே கோப்பை உன் தளத்தின் 'லேஅவுட்ஸ்' கோப்புறையில் அதே பாதையில் நகலெடுத்து அங்கே திருத்து. ஹ்யூகோ உன் நகலையே முதலில் எடுக்கும். வார்ப்புரு புதுப்பிக்கப்பட்டாலும் உன் வேலை அழியாது. ஆங்கிலத்துக்கென்று செய்த வார்ப்புருக்களில் தமிழ் எழுத்துகள் நெரிசலாகத் தெரியும். வரி இடைவெளியைக் கூட்டு, சாய்வெழுத்தை எடுத்துவிடு. பதிவின் இணைய முகவரியையும் கவனி: 'அம்மா' என்ற சொல்லில் ஒருங்குறிப்படி ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்துகள். இணைப்பைப் படியெடுத்து ஒட்டினால் அந்த ஒரு சொல் 45 எழுத்தாக நீளக்கூடும். பதிவின் தலைப்பகுதியில் 'ஸ்லக்' என்ற வரியில் ரோமன் எழுத்தில் குட்டிப் பெயர் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றினால் அதுவும் அடுத்தவர் இடம்தானே என்று நீ மடக்கலாம். நியாயம். ஆனால் அங்கே இருப்பது நகல். மூலம் உன்னிடம் இருக்கிறது. நாளை அது மூடினால் கோப்புறையை வேறிடத்தில் ஏற்றிவிடலாம். சொந்த டொமைன் பெயர் இருந்தால் வாசகருக்கு இடம் மாறியதே தெரியாது. ஹ்யூகோவை இயக்கும் கட்டளை வரி மிரட்டுகிறதா? அன்றாடம் தேவைப்படுபவை நாலைந்து கட்டளைகளே. பின்னூட்டத்துக்கு வெளிச் சேவையை நாடவேண்டும் என்பது உண்மையான குறை. கைபேசியில் மட்டுமே எழுதுகிறவருக்கு இந்த வழி சரிப்படாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பிளாகரிலேயே எழுதட்டும், மாதம் ஒருமுறை காப்புநகலை இறக்கிக்கொண்டால் போதும்.

இன்றைக்கு முதல் பதிவை எழுதி, ஹ்யூகோவைத் தொடாமல் நோட்பேடில் திறந்து படித்துப் பார். வார்ப்புருவை அடுத்த வாரம் தேடிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்