போரின் வேர்

தில்லி இராஜ்காட்டில் ஆண்டுதோறும் சனவரி 30 அன்று காந்தியடிகளுக்கு மலரஞ்சலி செலுத்தப்படுகிறது. அவருடைய வழியில் நடந்த தமிழரான ஜே. சி. குமரப்பா மறைந்ததும் 1960ஆம் ஆண்டின் அதே நாளில்தான்.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த குமரப்பா, இலண்டனில் கணக்கியலும் அமெரிக்காவில் பொருளியலும் பயின்றார். மும்பையில் தணிக்கையாளராகப் பணியாற்றினார். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்த பின், மேலைநாட்டு உடையைத் துறந்து கதர் அணிந்தார். வார்தாவில் தங்கிக் கிராமத் தொழில்களை வளர்த்தார்.

போரின் வேர் போர்க்களத்தில் இல்லை. பொருளாசையில் உள்ளது என்பது அவர் கருத்து. பேராலைகளுக்குத் தொலைநாட்டு மூலப்பொருளும் சந்தையும் வேண்டும். அவற்றைக் கைப்பற்றவும் காக்கவும் படை வேண்டும். ஆகவே, ஒரு பொருளை வாங்குவோர் அதன் பின்னுள்ள கொடுமைக்கும் பொறுப்பாவர் என அவர் எண்ணினார்.

சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த நூலில், நிலைத்த பொருளாதாரத்தை இயற்கையிலிருந்து விளக்கினார். குரங்கு மாந்தோப்பில் புகுந்து உழைக்காமலே பழங்களைப் பறித்துச் செல்கிறது. தேனீயோ தேனெடுக்கும்போதே மகரந்தம் பரப்பி, பூ காயாக உதவுகிறது.

எல்லாப் போர்களுக்கும் வாணிகம் ஒன்றே காரணமன்று. ஆயினும், தேவையறிந்து வாழ்பவர் பிறர் பொருளைப் பறிக்க வேண்டியதில்லை. குமரப்பாவுக்கு எளிமை என்பது வறுமையன்று, அமைதிக்கான அறம்.

சிந்தித்து எழுதுக:
1. குரங்கும் தேனீயும் பொருள் பெறும் முறைகளை ஒப்பிடுக.
2. நீ பயன்படுத்தும் ஒரு பொருள் எங்கே, யாரால் செய்யப்பட்டது? கேட்டறிந்து எழுதுக.